எனக்குப் பதிலாகப் பேசிய புரோகிராம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் ஒன்று அது. திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில் ஒன்றில் நானும் மனைவியும் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டாவது வருடம். அவளுக்குச் சொந்த ஊர் கணியூர். எனக்கு மடத்துக்குளம் பக்கம்.

எட்டாம் மாதத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. ஒரு புதன்கிழமை காலையில் கை கால் வெட்டி இழுத்தது. திருப்பூரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடனே ஆபரேஷன் செய்தார்கள். குழந்தைக்கு உயிர் இல்லை. பெண் குழந்தை. மனைவிக்கு இரண்டு நாள் நினைவு சரியாகத் திரும்பவில்லை. அவளுக்குக் காட்ட வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி முடிவு செய்தார்கள். என்னிடம் கேட்டார்கள். நான் சரி என்றேன்.

மறுநாள் விடிந்ததும் மாமனார் ஒரு வேன் பிடித்தார். நானும் அவரும் குழந்தையை எடுத்துக்கொண்டு கணியூர் போனோம். மதியத்துக்குள் எல்லாம் முடிந்து, மறுபடி அதே வேனில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். அந்தப் பயணத்தில் என்ன நினைத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேனின் பின்கதவு சரியாகச் சாத்தாமல் தடதடவென்று ஆடியதும், அதை டிரைவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும்தான் ஞாபகத்தில் இருக்கிறது. சொல்லவும் இல்லை.

பத்து நாள் கழித்து மனைவியை அவள் அம்மா ஊருக்குக் கூட்டிப்போனார். உடம்பு தேறட்டும், அப்புறம் அனுப்புகிறோம் என்றார்கள். நான் வேலம்பாளையம் வந்து, மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன்.

என் வேலை பெரும்பாலும் பேக்கிங் லிஸ்ட் போடுவது. எந்த அட்டைப்பெட்டியில் எந்த அளவு, எந்த நிறம், எத்தனை பீஸ் என்று வரிசையாக அடிக்க வேண்டும். அந்த வாரம் கப்பலுக்குப் போக இருந்தது கைக்குழந்தைகளுக்கான துணி. மூன்று மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று அளவுகள். பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா வந்து, இதை வேறு யாரையாவது வைத்து அடித்துக்கொள்ளலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாங்க்கா, நானே அடிச்சிடறேன் என்றேன். நானே அடித்தேன். இருநூறு பெட்டிக்கு மேல் இருக்கும். ஒரு தப்பு வரவில்லை. அழுகை வருமோ என்று இடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தேன். வரவில்லை. மீண்டும் அடித்தேன்.

எல்லோரும் விசாரித்தார்கள். சாப்பிட்டீங்களா, ஊட்டுல எப்படி இருக்காங்க, எப்பக் கூட்டிட்டு வர்றீங்க, தனியாவா இருக்கறீங்க, வேலையெல்லாம் எப்படிப் போகுது. எல்லோரும் கேட்டது இந்த ஐந்தாறு கேள்விகளைத்தான். மனதார விசாரித்தவர்கள்தான், குறை சொல்ல எதுவும் இல்லை. நானும் ஐந்தாறு பதில்களை வைத்திருந்தேன். சாப்டேங்க. பரவால்லீங்க. பாக்கலாங்க. ஆமாங்க. வேல ஜாஸ்திங்க. வேறு ஏதாவது கேட்டால் சரிங்க. அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் தானாக வாயில் வந்து நின்றுவிடும். ஒருநாள் மெஸ்ஸில் பரிமாறுகிறவர் கூட்டா பொரியலா என்று கேட்டதற்குப் பரவால்லீங்க என்று சொல்லியிருக்கிறேன். அவர் இரண்டையும் வைத்துவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டர் சென்டரில் படித்தபோது எங்கள் சார் ஒரு ஃப்ளாப்பி கொடுத்திருந்தார். அதில் ஆக் என்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் மொழி இருந்தது. மொத்தமும் அந்த ஒரே ஃப்ளாப்பியில் அடங்கிவிடும். பாதி இடம் மீதியும் இருக்கும். துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்புகிற நீளமான பட்டியலிலிருந்து வேண்டிய வரிகளை மட்டும் பிரித்தெடுக்க அதைப் பயன்படுத்தி வந்தேன். கற்றுக்கொள்ள அதில் அதிகம் கிடையாது. ஒரு வரியில் இடப்பக்கம் ஒரு சொல்லை எழுத வேண்டும். அந்தச் சொல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வலப்பக்கம் எழுத வேண்டும். அவ்வளவுதான். உள்ளே வரும் ஒவ்வொரு வரியையும் அது படித்துப் பார்க்கும். சொல் இருந்தால் செய்யும், இல்லாவிட்டால் அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வேலை இல்லை. சும்மா இருக்க முடியாமல் அந்த மொழியில் ஒரு வரி எழுதினேன். இடப்பக்கம் ‘சாப்’ என்று இருந்தால், வலப்பக்கம் ‘சாப்டேங்க’ என்று காட்டு. ஆங்கில எழுத்தில்தான் எழுத முடியும். தமிழை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஓடவிட்டு, ‘சாப்டீங்களா’ என்று தட்டினேன். ‘சாப்டேங்க’ என்று வந்தது. அடுத்த வரி, ‘ஊட்டுல’ என்று வந்தால் ‘பரவால்லீங்க’. அதற்கடுத்து, ‘எப்ப’ என்று வந்தால் ‘பாக்கலாங்க’. அப்புறம் ‘தனியா’ என்று வந்தால் ‘ஆமாங்க’. ‘வேல’ என்று வந்தால் ‘வேல ஜாஸ்திங்க, அப்புறம் பாக்கலாங்க’. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான். கரண்ட் வருவதற்குள் முடிந்துவிட்டது.

எந்தச் சொல்லிலும் அடங்காத கேள்விக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். சரிங்க, ம், ஆகட்டுங்க, தெரியிலீங்க என்று நான்கு பதில்களைக் கொடுத்து, அவற்றில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுக்கச் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு தடவை புரோகிராமைத் தொடங்கும்போதும் அது அதே வரிசையில்தான் எடுத்தது. முதலில் ஆகட்டுங்க, பிறகு சரிங்க, மறுபடி சரிங்க, பிறகு ம். கடிகாரத்தின் நேரத்தைச் சேர்த்துக் கொடுத்தால் வரிசை மாறும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மாற்றவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதைப் பெரிதாக எதற்காகவும் செய்யவில்லை. காலையில் மிஷினைப் போட்டதும் அதைத் திறந்து இரண்டு கேள்வி தட்டுவேன். பதில் வரும். பிறகு வேலையைத் தொடங்குவேன். சில நாட்கள் மனிதர்கள் யாராவது கேட்ட கேள்வியை, அவர்கள் போன பிறகு அதில் தட்டிப் பார்ப்பேன். நான் சொன்ன பதிலையே அதுவும் சொல்லும். சொல்லாவிட்டால் ஒரு வரி சேர்ப்பேன்.

பேக்கிங் அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாகத் திருப்பூரில் இருப்பவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். ஒரு நாள் பெட்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் வாங்க வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டிமேல் ஆங்கிலத்தில் மார்க் எழுதிப் பழகியவர், ஆங்கில எழுத்துக்கள் நன்றாகத் தெரியும். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். சாப்டியளா என்று கேட்டார். அது சாப்டேங்க என்றது. சிரித்தார். ஊட்டுல எப்படி என்று எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே தட்டினார். பரவால்லீங்க. எப்பக் கூட்டிட்டு வர்றீங்க. பாக்கலாங்க. அப்போது அவருக்குச் சிரிப்பு இல்லை. இன்னும் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு எழுந்தார்.

“இது அப்படியே ஒங்கள மாதிரில்லா பேசுது தம்பி,” என்றார். “இனும ஏதும் கேக்கணும்னா ஒங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு. இதுட்டயே கேட்டுக்கிடுதேன்.”

குத்திக்காட்டுகிறாரா, விளையாட்டாகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டிக்கர் கட்டை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது.

மனைவி தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீசுக்கு ஃபோன் செய்வாள். ஃபோன் என் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் இருந்தது. ஒயர் நீளம் என்பதால் என் இடத்துக்கே இழுத்துக்கொண்டு பேசலாம். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அவளும் அதே கேள்விகளைத்தான் கேட்டாள். சாப்டீங்களா. தனியா இருக்கறது செரமமா இருக்குதுங்களா. நான் பதில் சொல்வேன். அவள் உடம்பைப் பற்றி நான் கேட்பேன். பரவால்லீங்க என்பாள். தையல் போட்ட இடத்தில் வலி குறைந்ததா என்று கேட்பேன். கொறஞ்சிருச்சுங்க என்பாள். பிறகு இரண்டு பக்கமும் சத்தம் இருக்காது. கணியூர் வீட்டில் யாரோ தண்ணீர் எடுத்து ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். வெச்சறட்டுங்களா என்பாள். சரி என்பேன்.

ஒரு நாள் அவள் பேசும்போது புரோகிராம் திறந்தே இருந்தது. ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டு, அவள் கேட்டதை அப்படியே தட்டினேன். பதில் வந்தது. கடைசியில் இருந்த ‘ங்க’வை மட்டும் எடுத்துவிட்டு வாசித்தேன். அவள் அடுத்ததைக் கேட்டாள். அதையும் தட்டினேன். அன்று பேச்சு எப்போதும்போல இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ரிசீவரை வைத்தபோது, வழக்கமாக வருகிற களைப்பு வரவில்லை என்று கவனித்தேன். மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்கு மறுநாளும். இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. செய்யக் கூடாத காரியம் என்று அப்போதே தெரியும். தெரிந்தும் மனதில் எதுவும் உறுத்தவில்லை.

அந்த இரண்டாவது வாரத்தின் வெள்ளிக்கிழமை. அவள் கேட்டதைத் தட்டினேன், வந்ததை வாசித்தேன்.

“வேல ஜாஸ்தி. அப்புறம் பாக்கலாம்.”

அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, “செரிங்க,” என்றாள். ஃபோனை வைத்துவிட்டாள். வைக்கட்டுமா என்று கேட்கவில்லை.

அவள் அதைக் கேட்காமல் விட்டதால்தான் திரையைப் பார்த்தேன். என் விரல் தட்டியிருந்த வரி அங்கே இருந்தது. ‘நான் வேலம்பாளையத்துக்கே வந்தறட்டுங்களா.’

எனக்கு முதலில் தோன்றியது, இதற்கு ஏன் இந்தப் பதிலைச் சொன்னது என்பதுதான். கொஞ்ச நேரத்தில் புரிந்தது. ‘வேல’ என்ற எழுத்துக்கள் எங்கே வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். வேலம்பாளையத்தில் முதல் எழுத்துக்களே ‘வேல’தான். ஊரின் பெயரை வேலை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. முன்னாலும் பின்னாலும் இடைவெளி இருந்தால் மட்டுமே அதை ஒரு சொல்லாக எடுத்துக்கொள் என்று அந்த வரியைத் திருத்தினேன். பத்து நிமிட வேலை. ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தேன். இப்போது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு பேக்கிங் லிஸ்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆறு மணி வரை அடித்தேன்.

கணியூருக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். நீ கேட்டது காதில் சரியாக விழவில்லை, கிளம்பி வா என்று ஒரு வார்த்தை போதும். மறுநாள் மூன்று மணிக்கு அவள் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் ஃபோன் வரவில்லை. அதற்கு மறுநாள் ஞாயிறு. திங்களும் வரவில்லை. மூன்று மணி ஆகும், நான் ஃபோனைப் பார்ப்பேன், மூன்றரை ஆகும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மணி அடித்தது. மாமியார்.

“ஏனுங்க மாப்ள, அவகிட்ட என்னுங்க சொன்னீங்க?” என்றார். “நாலு நாளாச்சு. சோறு போட்டா திங்கறா, வேல சொன்னா செய்யறா. வாயத் தொறக்க மாட்டீங்கறா. வெள்ளிக்கெழம துணியெல்லாம் எடுத்துப் பையில வெச்சுட்டு உங்களுக்கு ஃபோனு பண்ணுனா. பேசிப்போட்டு வந்து எல்லாத்தையும் மறுபடி எடுத்துப் பீரோவுல வெச்சுட்டா.”

“நான் ஒண்ணும் சொல்லலீங்க அத்தை,” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சரியான வார்த்தை என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த நாளே போயிருக்க முடியும். முதலாளி நல்ல மனிதர், விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர், ஊட்டுக்குப் போயிட்டு வா கண்ணு என்று இரண்டு தடவை அவராகவே சொல்லியிருந்தார். ஆனால் ஞாயிறு வரை இருந்துவிட்டேன்.

உடுமலையில் பஸ் மாறி, பதினோரு மணி வாக்கில் கணியூர் போய்ச் சேர்ந்தேன். மாமனார் வயலில் இருந்தார். மாமியார் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மனைவி வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கையில் சாம்பலோடு நிமிர்ந்து பார்த்துவிட்டு, வாங்க என்றாள். நான் பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த எதுவும் அப்போது நினைவில் இல்லை. நேராகச் சொல்லிவிட்டேன்.

“ஃபோன்ல அன்னைக்கு உனக்குப் பதில் சொன்னது நான் இல்ல. கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன். நீ கேக்கறத அதுல தட்டுவேன். அது சொல்றதப் படிப்பேன். அது வேலம்பாளையத்த வேலைன்னு நெனச்சுக்கிச்சு.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்களில் அவள்தான் கெட்டிக்காரி. உடுமலையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். தேய்த்த சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

“எத்தன நாளாங்க?”

“ரெண்டு வாரம்.”

“அதுக்கு முந்தி பேசுனது?”

“நான்தான்.”

அடுத்த பாத்திரத்தைக் கையில் எடுத்தவள், தேய்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு வித்தியாசமே தெரியிலீங்க,” என்றாள்.

அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். கோபம் இல்லை. வருத்தம்கூட முகத்தில் தெரியவில்லை. நான் எப்படி இருந்தேனோ அப்படித்தான் அவளும் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அவளுக்கும் அந்த ஐந்தாறு பதில்கள்தான் இருந்திருக்கின்றன. பாத்திரம் முழுவதையும் தேய்த்து முடித்த பிறகு, “அத நான் பாக்கோணும்,” என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் பஸ் ஏறித் தனியாகவே வந்தாள். நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். விடுமுறை. மிஷின்கள் ஓடாமல் கட்டிடமே வேறு மாதிரி இருந்தது. வாட்ச்மேன் ஆபீஸ் அறையைத் திறந்துவிட்டார். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கீபோர்டில் விழுந்தது. அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் புரோகிராமைத் தொடங்கிவிட்டுப் பின்னால் நின்றேன்.

அவள் பத்து விரலாலும் அடிக்கிறவள். பேக்கிங் அக்கா போலத் தேடவில்லை. கேள்விகள் வேகமாகப் போயின. சாப்டீங்களா. சாப்டேங்க. என்ன சாப்டீங்க. சாப்டேங்க. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த இரண்டுக்கும் ஒரே வரிதான் என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மேலே கேட்டாள். இரண்டு வாரம் அவள் ஃபோனில் கேட்ட எல்லாவற்றையும் மறுபடி கேட்டுப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஊர்ப் பெயரைத் தட்டினாள். ஆகட்டுங்க என்று வந்தது.

“இப்ப வேற மாதிரி சொல்லுதுங்களே?”

“திருத்திட்டேன்.”

“எப்பங்க?”

“அன்னைக்கே.”

“இத அன்னைக்கே செரி பண்ணிப்போட்டீங்க,” என்றாள். “எங்கிட்ட வந்து சொல்றதுக்கு ஒம்போது நாளு.”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஒரு வரி அடித்தாள்.

‘பாப்பா யாராட்ட இருந்துச்சு?’

சரிங்க, என்று வந்தது.

அதையே மறுபடி அடித்தாள். சரிங்க. மூன்றாவது முறை அடித்தாள். ம். அவள் விரல்கள் வேகம் குறையவில்லை. ஒரே வரி, ஒரு எழுத்துப் பிசகாமல். தெரியிலீங்க என்றது. மறுபடி அடித்தாள். அடுத்து ஆகட்டுங்க வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கடுத்து என்ன வரும் என்றும் தெரியும். நாள்பூராவும் அவள் கேட்டாலும் இந்த நான்கும்தான் மாறி மாறி வரும். நான் எழுதியதுதானே. திரையில் அந்தக் கேள்வி ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டே போயிற்று. ஆறு முறையா, ஏழு முறையா, எண்ணவில்லை.

“முடி நெறைய இருந்துச்சு,” என்றேன்.

அவள் விரல் நின்றது. திரும்பவில்லை.

“கருகருன்னு, காது வரைக்கும். நெத்தி எங்கம்மாவாட்ட. காது உன்னோட காது. மேல் நுனி கொஞ்சம் மடங்கியிருக்குமில்ல, அப்படியே. வெரல் நீளம். நகமெல்லாம் இருந்துச்சு.”

“கண்ணு?”

“மூடியிருந்துச்சு. ரெப்ப இருந்துச்சு, நீளமா.”

“நெறம்?”

“சொல்லத் தெரியல. அப்ப வெளுத்துப் போயிருந்துச்சு. உன்னாட்டத்தான் வந்திருக்கும்.”

இன்னும் கேட்டாள். உடம்பில் மச்சம் இருந்ததா, யார் குளிப்பாட்டினார்கள், எந்தத் துணியில் சுற்றினோம், வேனில் யார் மடியில் இருந்தது. எனக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரியாது. கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. என் மடியில்தான் இருந்தது. நர்ஸம்மா துடைத்துக் கொடுத்தார். என்னுடைய வேட்டி, கல்யாணத்துக்கு எடுத்தது. இடது தோளில் ஒரு மச்சம். சொல்லும்போது என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பேக்கிங் லிஸ்ட்டை ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பாரே, அதைப் போலத்தான் சொன்னேன். அவளும் அழவில்லை. வெயில் கீபோர்டிலிருந்து நகர்ந்து மேஜை ஓரத்துக்குப் போயிருந்தது.

இதற்கும் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. புரோகிராமில் ஒரு கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் சேர்ப்பது பழக்கமாகிப் போயிருந்தது.

“வேண்டாங்க,” என்றாள். “நீங்க சொல்லீட்டீங்கில்ல.”

பிறகு, எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள்.

உங்கள் வயலில்தான், வாய்க்காலை ஒட்டின வரப்புக்குப் பக்கத்தில் என்றேன். அப்போதுதான் அவள் நாற்காலியைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திருப்பூரிலேயே எங்கோ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உடம்பு கொஞ்சம் தேறியதிலிருந்து தினமும் அந்த வரப்பு மேல்தான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாள்.

மறுநாள் முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு அவளோடு கணியூர் போனேன். அவள் வீட்டுக்குள் போகவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு நேராக வயலுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். நாங்கள் குழந்தையைக் கொண்டுவந்தபோது அந்த வயலில் கரும்பு வெட்டி முடித்து மொட்டையாகக் கிடந்தது. இப்போது கட்டைக் கரும்பு துளிர்த்து இடுப்பு உயரம் நின்றது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பை வெட்டி அகலப்படுத்தியிருந்தார்கள். எனக்கு இடம் பிடிபடவில்லை. ஒரு இடத்தில் நின்றேன். பிறகு பத்தடி முன்னால் போனேன்.

“இங்கீங்களா?” என்றாள்.

“இங்கதான். இதுக்குள்ளதான் எங்கயோ.”

மாமனார் வயலின் அந்தக் கோடியில் மடை மாற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இரண்டடி எடுத்து வைத்தவர், எங்கே நிற்கிறோம் என்று தெரிந்ததும் நின்றுவிட்டார். அவருக்குச் சரியான இடம் தெரிந்திருக்கும். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவளும் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. கரும்புத் தோகை சலசலத்துக்கொண்டிருந்தது. அவள் அங்கே எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கால் வலித்தது என்பது ஞாபகம் இருக்கிறது.

பத்து நாள் கழித்து அவள் வேலம்பாளையம் வந்துவிட்டாள். மூன்று மணி ஃபோன் நின்றது. அதற்குப் பிறகு நாங்கள் நிறையப் பேசுகிறவர்களாக ஒன்றும் மாறிவிடவில்லை. சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம். ஒருவர் காய் நறுக்கினால் மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். எப்போதாவது, சம்பந்தமே இல்லாத நேரத்தில், கால் விரல் எப்படி இருந்தது என்று கேட்பாள். ஞாபகம் இருப்பதைச் சொல்வேன். இல்லாததை ஞாபகம் இல்லை என்பேன். அந்த மரத்துப்போன தன்மை எந்த நாளில் விட்டது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாளில் விட்டதாகத் தோன்றவில்லை. ஒன்றிரண்டு இடங்களில் இன்னும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

வருடக் கடைசியில் அவள் ஒரு எம்ப்ராய்டரி கம்பெனியில் டைப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். பழைய மிஷினை எடுத்துப்போக ஆள் வந்தபோது, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பட்டியல்களை எல்லாம் எடுத்துக்கொண்டேன். அந்தப் புரோகிராமை எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. திரும்ப எழுத வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு வரிதான், எழுதவில்லை.

மூன்று வருடம் கழித்து எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அவனை ஸ்கூலில் சேர்க்கப் போனபோது, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் வாயைத் திறப்பதில்லை. அவள் சொல்லட்டும் என்று இருந்துவிடுகிறேன்.